இரும்பு போதும் என்றது

டங்!

வியாசர்பாடிப் பட்டறையில் காலை முழுவதும் மின்காந்தத்தில் மிதந்த ரோட்டர் (சுழலும் பாகம்), விழுந்தால் தாங்க வைத்திருந்த துணை பேரிங் மேல் விழுந்தது.

அதுவரை அரை மில்லிமீட்டர் இடைவெளி. தாளைச் செருகி இழுத்தேன், உரசவில்லை. எடைக்கல் ஒன்று தொங்கவிட்டேன், தாங்கியது. இன்னொன்றுக்கு மின்னோட்டம் ஏறியது, விசை ஏறவில்லை.

"இன்னும் கரண்ட் கொடுங்கள் தம்பி" என்றார் லேத் அண்ணன்.

மின்னோட்டம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு என்பதெல்லாம் இரும்பு செறிவடையும் வரைதான், அதாவது அதில் காந்தம் நிரம்பும் வரைதான். சிலிக்கான் எஃகு 2 டெஸ்லாவை (காந்தப்புல அலகு) நெருங்கினாலே முரண்டு பிடிக்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் நிரலோ செறிவில்லாத பழைய கணக்கையே நம்பிக்கொண்டிருந்தது. (எழுதியவன் நான்தான்.)

இதைச் சொன்னதும், "நிரம்பிய குடத்துக்குக் குழாயை இன்னும் திறக்கிறீர்களா?" என்றார் அண்ணன். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர் அவர்.

எந்த மின்னோட்டத்துக்கு எவ்வளவு விசை என்ற உண்மையான வளைவை அளந்து, நிரலில் அட்டவணையாக ஏற்றுகிறேன். மின்னோட்டத்துக்கு உச்சவரம்பும் உண்டு. எடைக்கற்கள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன.