அங்கே ரவர் எங்கே இருக்கிறது?

கடந்த போயா விடுமுறைக்கு அக்காவும் அவருடைய மகனும் அக்கரைப்பற்றிலிருந்து கல்லடிக்கு வந்திருந்தார்கள். பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன், ஆளரவமற்ற கிரகமொன்றில் நின்ற கதாநாயகன் உள்ளங்கையளவுக் கருவியின் மூடியைச் சுண்டித் திறந்து விண்கப்பலோடு பேசியதும் என் பக்கம் திரும்பி, “மாமா, அங்க ரவரே இல்லையே, எப்பிடிக் கவர் வருது?” என்று கேட்டான். விஞ்ஞானக் கதைக் கருவிகளைக் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டு நான் வாசித்தவற்றுள் இவ்வளவு நேரான கேள்வி எதிலும் இருந்ததில்லை.

அத்தொடர் 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1996இல் வந்த மோட்டோரோலாவின் மடிப்புத் தொலைபேசியும் அதே பாணியில் திறந்ததால், கதையைப் பார்த்தே கைத்தொலைபேசி பிறந்தது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால், 1973 ஏப்ரல் 3ஆம் திகதி நியூயோர்க் வீதியில் நின்றபடி, ஒரு கிலோவுக்கு மேல் நிறையுள்ள போனிலிருந்து போட்டி நிறுவனத்துப் பொறியியலாளருக்கே முதல் கைத்தொலைபேசி அழைப்பை எடுத்த மோட்டோரோலாப் பொறியியலாளர் மார்ட்டின் கூப்பர், தமக்குத் தூண்டுதலாக இருந்தது துப்பறிவாளர் டிக் ட்ரேசியின் சித்திரக்கதையில் 1946இல் வந்த மணிக்கட்டு வானொலிதான் என்று பிற்காலத்தில் கூறினார். எந்தக் கதை முந்தியது என்ற வழக்கில் எனக்கு அக்கறையில்லை. இரண்டு கதைகளும் கையிலிருக்கும் பெட்டியை மட்டுமே கற்பனை செய்தன என்பதே என் குறை.

பெட்டிக்கு அப்பாலுள்ளதை யோசித்தவர்கள் பொறியியலாளர்கள். 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பொன்றில், நிலப்பரப்பைத் தேன்கூட்டின் அறைகளைப் போல் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வலுக் குறைந்த அலைபரப்பியை வைத்தால், ஓர் அறையில் பயன்படும் அலைவரிசையைச் சற்றுத் தள்ளியிருக்கும் வேறோர் அறையிலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இருக்கிறது. கல்முனை பஸ்ஸில் ஏறிய ஒருவர் கல்லடிப் பாலத்தில் தொடங்கிய பேச்சு, காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஒரு ரவரின் கையிலிருந்து அடுத்த ரவரின் கைக்கு மாறி மாறி, களுவாஞ்சிக்குடி வரை அறாமல் போவது அந்தத் தேன்கூட்டினால்தான். பக்கத்து இருக்கைக்காரருக்கு அது அறுந்தால் நல்லது என்று தோன்றக்கூடும். அது வேறு விடயம்.

கதை எழுதுகிறவர்களில் ரவரைப் பற்றி யோசித்த ஒருவர் நமக்கு அயலவராகவே வாழ்ந்தார். 1956இல் இலங்கையில் குடியேறி 2008இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க், 1945இல் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரையொன்றில், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு ஒத்துச் சுழலும் நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் அவை அலைபரப்பிகளாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதை அவர் கதையாக எழுதாமல் கட்டுரையாக எழுதியது பொருத்தம்தான், ஏனென்றால் ரவர் நிற்கும் இடத்தில் கதாநாயகன் நிற்பதில்லை.

ரவர் இல்லாமல் பேசும் கருவியை மருமகனுக்குக் காட்ட வாழைச்சேனைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். சித்தப்பா அங்கிருந்துதான் பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். ஜீஎஸ்எம் என்ற பழைய கைத்தொலைபேசி முறையில், சமிக்ஞை போய்வரும் நேரத்துக்கு வைத்த கணக்கினால், ஒரு ரவர் சாதாரணமாக 35 கிலோமீற்றருக்கு மேல் எட்டாது. அதற்கு அப்பால் படகிலுள்ள எல்லாப் போன்களும் கடிகாரமும் பாட்டுப்பெட்டியுமாகிவிடும். அங்கே வேலை செய்வது சுக்கான் அறையில் சுருள் வயரோடு தொங்கும் வயர்லெஸ் மட்டுமே. பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், நடுவில் எந்தக் கம்பனியும் இல்லை. உப்புக் காற்றில் பொத்தான் இறுகிப்போய், அதன் மேல் இரப்பர்த் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். அதே அலைவரிசையிலுள்ள எல்லாப் படகுகளுக்கும் பேச்சுக் கேட்கும் என்பதால், மீன் பட்ட இடத்தை ஒருவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்று சித்தப்பா சிரித்தார். விண்கப்பல்காரர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. அவர்களுடைய கருவி கதைக்குத் தேவையான வேளையில் மட்டும் பழுதாகும். நமது போனோ மாரிக்காலத்தில் கரண்ட் போய், ரவரின் பற்றரியும் இறங்கிவிட்டால், ரோச் லைட்டாக மட்டும் மிஞ்சும்.

நடுவில் ஒருவரும் இல்லாத உலகில் பில்லும் இல்லை. அதனால் மிஸ்ட் கோலும் கதைகளில் இல்லை. நான் பேராதனையில் படித்த காலத்தில், ஒரு ரிங் அடித்து நின்றால் பஸ் வந்து சேர்ந்துவிட்டது என்றும், இரண்டு ரிங் என்றால் “மனே, நீ எடு” என்றும் அம்மாவுக்கும் எனக்கும் ஒப்பந்தம் இருந்தது. ரீலோட் போடக் காசில்லாதவர்கள் எந்த ஆய்வுகூடத்தின் உதவியும் இல்லாமல் கண்டுபிடித்த தந்தி முறை அது.

மறுநாள் பின்னேரம் அக்காவும் மருமகனும் அக்கரைப்பற்றுக்குப் பஸ் ஏறினார்கள். இப்போது அக்காவின் போனில் மாதம் முழுவதும் பேசலாம். ஆறரை மணியளவில் அம்மாவின் போன் ஒரு தரம் அடித்து நின்றது. அம்மா அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை. “போய்ச் சேந்திட்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.