ராத்திரி இருமல்

பகலில் என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். வறட்டு இருமல், நெஞ்சுக்குள் விசில் சத்தம். கும்பகோணத்தில் மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்ததும் டிபி சந்தேகம் வந்தது; சளியில் எதுவும் இல்லை. 56 கிலோ இருந்தவன் 50-க்கு வந்துவிட்டேன்.

நான்காவதாகப் பார்த்த மருத்துவர், "பழைய ரத்த ரிப்போர்ட் இருக்கா?" என்றார். முதல் கிளினிக்கில் எடுத்தது, பையில் நாலாக மடிந்து கிடந்தது. ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் 11,000, அதில் ஈசினோபில் என்ற வகை மட்டும் 42%. தாளின் ஓரத்திலேயே பேனாவால் பெருக்கினார்: 4,620. "ஐந்நூறுக்குள்ள இருக்கணும், தம்பி." இரண்டு மாதமாக அந்தத் தாள் என்னோடு பஸ் ஏறி இறங்கியிருக்கிறது.

காரணம் யானைக்கால் புழு. கொசுக்கடியில் உள்ளே போவது, நிணநீர்க் குழாயில் வளர்ந்து குட்டிப் புழுக்களை ரத்தத்தில் விடும். பலருக்கு அவை சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சிலருடைய உடம்பு மட்டும் அவற்றை நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களில் மடக்கிச் சண்டைக்கு ஆள் கூப்பிடும். கூப்பிட்டதும் ஈசினோபில்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, செல்களின் இடுக்கு வழியே பிதுங்கி, காற்றறைகளில் கூடும். புழுவைக் கொல்ல அவை உமிழும் புரதமே நுரையீரலையும் புண்ணாக்கும். இந்த நோயில் நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரில் ஏறக்குறைய பாதி செல்கள் ஈசினோபில்தானாம். சாதாரணமாக 1% கூட இருக்காது. எனக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். புழு இல்லை. அப்பாடா என்றேன். "ரத்தத்துல இருக்காது, நுரையீரல்லயே சிக்கிடுச்சே" என்றார். அந்தப் புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஃபைலேரியா எதிர்ப்பொருள் மட்டும் எகிறியிருந்தது. டிபி என்று குழம்புவதும் புதிதல்லவாம். ஆந்திராவில் இருக்கும் மதனப்பள்ளி டிபி சானடோரியத்தில் 1940-லேயே இதைப் போலி டிபி என்று எழுதியிருக்கிறார்கள்.

மருந்து டைஎதில்கார்பமசின். கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்கில் தினம் மூன்று மாத்திரை, மூன்று வாரம். முன்பு வருஷா வருஷம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து தந்த அதே மாத்திரைதான். வாங்கி வாங்கி அலமாரியில் போட்டவன் நான், வெளியே சொல்லவே கூச்சம். முதல் இரண்டு நாள் தலைவலி, குமட்டல். ஐந்தாம் ராத்திரி விடியும்வரை தூங்கினேன்.

மாத்திரை முடிந்ததும் ஈசினோபில் எண்ணிக்கை 860. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்; சிலருக்குத் திரும்ப வருமாம்.