ஐபிபிஎஸ் நேர்முகத் தேர்வு: கேள்விகளைவிடச் சான்றிதழ்தான் படுத்தியது

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் அதிகாரி பணித் தேர்வில் பிரிலிம்ஸ் (முதல்நிலை), மெயின்ஸ் (முதன்மை) படிப்பது எப்படி என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஓபிசி, அதாவது மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். அந்த எரிச்சல் இன்னும் அடங்காததால் எழுதுகிறேன்.

பள்ளி நாளிலிருந்து நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநில அரசுக்கானது. பொதுத்துறை வங்கிக்கு அது உதவாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயரில் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வாசகத்தோடு, வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி வழங்கியதுதான் வேண்டும். இ-சேவை மையத்தில் இருந்தவர் என் பழைய சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுவே போதும்மா, எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகிறார்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். தேர்வு அறிவிக்கையை அவர் முன் விரித்து வைத்து, பக்கத்திலேயே நின்று விண்ணப்பத்தைப் பதிய வைத்தேன்.

கிராம நிர்வாக அலுவலர் மறுபேச்சில்லாமல் பரிந்துரைத்துவிட்டார். வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் வண்டி நின்றது. அப்பா பள்ளிக்கல்வித் துறையில் உதவியாளர். அம்மா இடைநிலை ஆசிரியை. அங்கிருந்த எழுத்தர் இருவர் சம்பளத்தையும் கால்குலேட்டரில் தட்டிக் கூட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "எட்டு லட்சம் தாண்டுகிறது பாருங்கள். ரெண்டு அரசுச் சம்பளம் வாங்குகிற வீட்டுக்கு ஓபிசி எதற்கம்மா?" வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மறுநாள் கைப்பேசியில் நிராகரிப்புக் குறுஞ்செய்தி.

ஆண்டு வருமானம் எட்டு லட்சத்தைத் தாண்டினால் கிரீமிலேயர் என்ற வரம்பு உண்மைதான். 2017 முதல் அதுதான் நடைமுறை. ஆனால் அந்த வருமானக் கணக்கில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. 2004 அக்டோபர் 14 அன்று மத்தியப் பணியாளர் துறை வெளியிட்ட விளக்கத்தில் இது தெளிவாக இருக்கிறது. அரசு ஊழியர் வீடு என்றால் பார்க்க வேண்டியது பெற்றோரின் பதவி நிலையைத்தான். அந்த விளக்கத்தை அச்செடுத்து, உரிய பத்தியில் மஞ்சள் மை தீட்டி, மறுபடி விண்ணப்பித்த கையோடு நேரே வட்டாட்சியரிடமே போனேன். அவர் படித்தார், எழுத்தரைக் கூப்பிட்டார், கையெழுத்துக்கு வைக்கச் சொன்னார். எழுத்தர் கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

நீங்கள் போகும்போது அந்த விளக்கத் தாளின் இரண்டு பிரதி கையில் இருக்கட்டும். ஒன்றை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் தேதியை அறிவிக்கையில் சொன்ன வரம்போடு ஒப்பிடுங்கள். சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் இன்னொரு தொல்லை. அழைப்புக் கடிதத்தில் இனிஷியலும் ஆதாரில் அப்பாவின் முழுப் பெயருமாக இருந்தால் வாசலிலேயே கேள்வி வரும். பெயர் அச்சாக ஒத்துப்போகும் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள்.

சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு அலுங்காமல் முடிந்தது. நேர்முக அறையின் உள்ளே கேள்வி கேட்க ஐந்து பேர். பொறியியல் படித்துவிட்டு ஏன் வங்கி என்ற வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதில். பிறகு தலைவர், "காரைக்குடிப் பக்கமா? உங்கள் ஊருக்கும் வங்கித் துறைக்கும் என்ன உறவு?" என்றார். இதற்காகத்தான் காத்திருந்தேன். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியது, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தது எல்லாம் சொன்னேன். ரங்கூன் ஏன் என்றார். பர்மாவின் நெல் விவசாயத்துக்கு நகரத்தார் கடன் கொடுத்து வந்ததைச் சொன்னேன். அங்கிருந்து பேச்சு, விவசாயம், சிறுதொழில் போன்றவற்றுக்கு வங்கிகள் கட்டாயம் கொடுக்க வேண்டிய முன்னுரிமைத் துறைக் கடனுக்குப் போனது: வங்கிக் கடனில் மொத்தம் 40 சதவீதம், அதில் விவசாயத்துக்கு 18.

ஓரத்தில் அதுவரை பேசாமல் இருந்தவர் அப்போதுதான் பொறி வைத்தார். "நெல்லுக்குப் பயிர்க்கடன் வாங்கியவர், தவணை கடந்து நூறு நாளாகக் கட்டவில்லை. வாராக்கடனா?" தவணை கடந்து தொண்ணூறு நாள் கட்டாவிட்டால் வாராக்கடன் என்ற பொது விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் ஆமாம் என்பார்கள். "இல்லை சார், குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பயிர்ப் பருவம் தாண்ட வேண்டும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆகவே, ரெப்போ விகிதத்தை (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) படிக்கிற அதே அக்கறையோடு உங்கள் ஊரையும் படியுங்கள். மாவட்டத்தில் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி எது, என்ன பயிர், என்ன தொழில், எதற்குப் புவிசார் குறியீடு என்று தெரிந்திருக்கட்டும். நேர்முகத் தேர்வுக்கு இறுதிப் பட்டியலில் 20 சதவீத எடைதான் என்று அலட்சியமாகவும் இருக்காதீர்கள். ஓபிசிக்கு 35 சதவீதம், பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம் எடுக்காவிட்டால் மெயின்ஸ் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பட்டியலில் பெயர் வராது.

என் பெயர் வந்துவிட்டது. இப்போது மெயின்ஸ் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். சான்றிதழ் கிடைத்தால் ஆசையில் லேமினேட் செய்துவிடாதீர்கள். பணியில் சேரும்போது அசலை மறுபடியும் கேட்பார்கள்.