நுவரெலியா பனியும் மொரிஸ் மைனரும்

அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் காரில் டேஷ்போர்டு பெயின்ட் அடித்த தகடுதான், கறள் ஏறினால் உட்கார்ந்தவுடன் கண்ணில் படும். கறளைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, பிரைமர் அடித்து, காய்ந்ததும் 400, அப்புறம் 800 நம்பர் சேண்ட் பேப்பரை நனைத்துத் தேய்த்தேன். சரி, அது எங்கும் ஒன்றுதான். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் பாடாய்ப்படுத்துவது ஈரம். லேக்கர் பெயின்டில் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பால்போல வெளுத்துவிடும். பனி இறங்கிய ஒரு மாலையில் அடித்து முழு டேஷ்போர்டும் அப்படி வெளுத்தபோது மனசே விட்டுப்போனது. இப்போது நல்ல வெயில் ஏறிய பிறகு, மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து, மெல்லிய பூச்சாக மட்டும் அடிக்கிறேன். அப்பா ஓட்டிய காலத்துப் பச்சை அப்படியே வந்திருக்கிறது.