நைனாவின் மூச்சு

ஜூன் 3
ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. இரண்டு நுரையீரலிலும் அடிப்பக்கம் தழும்பு. டாக்டர் முதுகில் ஸ்டெத் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். நைனாவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நுனியெல்லாம் உருண்டு வீங்கியிருக்கிறது. "என்ன வேலை பார்த்தீங்க?" இதுவரை யாருமே கேட்காத கேள்வி.

ஜூன் 4
தூங்கவில்லை. அம்மாவும் இருமியது.

ஜூன் 7
சளியில் கிருமியே வரவில்லை. அப்படியும் டிபி மாத்திரையை முழு கோர்ஸும் விழுங்க வைத்தார்களே!
நைனா இன்று வாய் திறந்து சொன்னார். பாய்லர் குழாயில் சுற்றியிருக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கொத்திப் பிரித்துவிட்டுப் புதுசு சுற்றணும். "பஞ்சாட்டம் பறக்கும்மா. மூக்குல துண்டு கட்டிக்குவோம்." துண்டு எதைத் தடுக்கும்? கண்ணுக்கே தெரியாத இழை. உள்ளே போய்க் குத்தி நின்றால் கரையாது. உடம்பு அதைச் சுற்றித் தழும்பு போட்டுக்கொண்டே இருக்கும். மூச்சு வாங்கத் தொடங்க இருபது முப்பது வருடம்கூட ஆகும். தழும்பை ஆற்ற மருந்து இல்லை.

ஜூன் 9
எதிர்வீட்டில் சீட்டுக் கூரையைச் சம்மட்டியால் உடைக்கிறார்கள். ஓடிப்போய்க் கத்தினேன். தண்ணீர் ஊற்றி நனையுங்கள், உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். சிரிக்கிறார்கள். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சீட்டை இன்னும் கடையில் விற்கிறார்களே, யார் நம்புவார்கள்?

ஜூன் 12
1995ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் வைத்திருக்க வேண்டும், நோய் வந்தவருக்கு 1 லட்சம் ரூபாய் தர வேண்டும். நைனா பேர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? மேஸ்திரி கையில் வாங்கிய கூலி. கூட வேலை செய்தவர்களைத் தேடி காசிமேடு, தண்டையார்பேட்டை எல்லாம் அலைந்தேன். ஒருவர் வீட்டில் படத்துக்கு மாலை. "டிபில போயிட்டாரு" என்றார் அவர் மனைவி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 13
அந்தச் சட்டைகளை யார் துவைத்தது?

ஜூன் 14
அம்மாவிடம் கேட்டேன். "நான்தான். நல்லா உதறிட்டுதான் தண்ணில போடுவேன்."
உதறிவிட்டு.
துணி துவைத்த மனைவிகளுக்கே நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்திருக்கிறது.

ஜூன் 16
பாத்ரூம் போய் வருவதற்குள் ஆக்சிஜன் 88. உட்காரவைத்து விசிறினேன்.

ஜூன் 18
டாக்டர் தொழில்நோய் என்றே எழுதித் தருகிறேன் என்றார். சந்தோஷப்பட்டேன். நைனா படவில்லை. "எனக்கு எழுதுறது இருக்கட்டும். உங்கம்மாவுக்கு ஒரு எக்ஸ்ரே எடு."
"தொண்டை கரகரப்புக்கு எக்ஸ்ரேவா" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டது.
திங்கட்கிழமை இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன். ஓ.பி. சீட்டுக்குக் காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்கணும்.