முன் கதவில் காசு, பின் கதவில் ஏறணும்

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரிக்கு வந்து முதல் நான்கு மாதம் எங்களிடம் கார் இல்லை. வீட்டுக்காரர் தன்னோடு வேலை பார்ப்பவரின் வண்டியில் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். எனக்கும் எட்டு வயது மகளுக்கும் பஸ்தான். ஆகஸ்ட் வெயிலில் நிறுத்தத்துக்கு நடந்து போவதற்குள் சட்டை நனைந்துவிடும். பஸ் வந்ததும் அவள் ஓடிப்போய் முன் சீட்டைப் பிடிப்பாள்.

ஒருநாள் கோர்ட் ஸ்கொயரில் இருக்கும் ரோசா பார்க்ஸ் சிலையைக் காட்டி, "யாரும்மா இவங்க?" என்றாள்.

"நீ ஓடிப்போய் உக்கார்ற சீட்டு இருக்கில்ல கண்ணு, 1955ல இதே ஊர்ல முதல் பத்து சீட்டும் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான். காலியா கிடந்தாலும் கறுப்பினத்தவங்க உக்காரக் கூடாது. பல தடவை முன்னாடி ஏறிக் காசு குடுத்துட்டு, இறங்கிப் போய்ப் பின் கதவுல ஏறணும். அதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டுப் போறதும் உண்டு."

"காசு குடுத்த பிறகுமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

களைத்துப்போன ரோசா பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரருக்காக சீட்டைவிட்டு எழ மறுத்தார், சட்டம் மாறியது என்றுதான் நானும் படித்திருந்தேன். அது பாதிக் கதைகூட இல்லை. ரோசா பல வருடங்களாக உரிமைக்காக உழைத்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி எழ மறுத்துக் கைதானாள். டிசம்பர் 1 அன்று ரோசா கைதான இரவு, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்தார். 5ஆம் தேதி முதல் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள், சுமார் 300 கார்களில் ஒருவரையொருவர் ஏற்றிப் போனார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா சிக்கன் பொரித்து விற்று அந்த வண்டிகளுக்குப் பணம் சேர்த்தார். வேலை போன பிறகும் அவர் அடுப்பு அணையவில்லை. எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

"எத்தனை நாள் நடந்தாங்க?"

"381."

விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "என் பிறந்தநாள் ரெண்டு தடவைகூட வந்திருக்கும்மா! அந்தப் பள்ளிக்கூட அக்கா என்ன ஆனாங்க?"

பஸ்ஸில் இனப் பிரிவினையை எதிர்த்து வழக்குப் போட்ட நான்கு பெண்களில் கிளாடெட்டும் ஒருத்தி. உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். 1956 டிசம்பர் 21 காலை மக்கள் முன் கதவில் ஏறி, பிடித்த சீட்டில் உட்கார்ந்தார்கள்.

சிலைக்குப் பக்கத்திலேயே அந்த நால்வருக்கும் கல் வைத்திருக்கிறார்கள். மகள் குத்தவைத்து, கிளாடெட்டின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். எங்கள் பஸ் வந்து போய்விட்டது. அடுத்ததற்காக நின்றோம்.