பி.எஸ்சி. அப்ளைடு மேத்ஸ்: உள்ளே என்ன இருக்கிறது

பிளஸ் டூ முடித்துவிட்டு கணக்கு எடுக்கலாமா என்று கேட்டால், டீச்சர் வேலைக்குப் போகலாம், பேங்க் எக்ஸாம் எழுதலாம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் நடுவில் இருக்கிற மூன்று வருடத்தில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை. படித்து முடித்தவன் என்ற முறையில் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வருடம் கால்குலஸ், மேட்ரிக்ஸ், கொஞ்சம் புள்ளியியல். பள்ளியில் ஒழுங்காகப் படித்தவர்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது. அடுத்து ரியல் அனாலிசிஸ் வரும், அதாவது கால்குலஸ் ஏன் சரி என்று அடிப்படையிலிருந்து நிரூபிக்கும் பாடம், எங்கள் வகுப்பில் நிறைய பேர் அரியர் வைத்தது அதில்தான். எப்சிலான், டெல்டா என்று பக்கம் பக்கமாக நிரூபணம் எழுதும்போது, அப்ளைடு படிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் வகுப்பில், அதாவது சமன்பாடுகளுக்கு எண்களை வைத்தே தோராய விடை காணும் பாடத்தில் கிடைத்தது. ஒரு அளவு, தன் அப்போதைய மதிப்பைப் போல 15 மடங்கு வேகத்தில் குறைகிறது, தொடக்கத்தில் அது 1. சரியான விடை சட்டென்று இறங்கிப் பூஜ்யத்தை ஒட்டிவிடும், இதில் சந்தேகமே இல்லை. இதையே ஆய்லர் முறையில், அதாவது நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டி ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் அடுத்ததைக் கணக்கிடும் முறையில், 0.25 படி நீளம் வைத்து கால்குலேட்டரில் போடச் சொன்னார் எங்கள் சார். ஒவ்வொரு படியிலும் முந்தைய மதிப்பை 1 கழித்தல் 15 பெருக்கல் 0.25, அதாவது -2.75 ஆல் பெருக்க வேண்டும். 1, -2.75, 7.56, -20.8 என்று போய்க்கொண்டே இருக்கிறது, பூஜ்யத்துக்குப் போக வேண்டியது வெடித்துச் சிதறுகிறது. படியை 0.1 ஆக்கினால் பெருக்கும் எண் -0.5, அப்போது குறி மாறி மாறி வந்தாலும் மதிப்பு அடங்கிவிடும். எல்லை எங்கே என்றால் பதினைந்தில் இரண்டு, கிட்டத்தட்ட 0.133. ஃபார்முலாவும் ஒன்று, கணக்கும் ஒன்று, படி நீளம் மட்டும்தான் வேறு. விடை எப்போது சரியான மதிப்பை நெருங்கும், பிழை எவ்வளவுக்குள் நிற்கும் என்பதெல்லாம் அந்த எரிச்சலூட்டிய நிரூபணங்களில் இருந்த விஷயம்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இருக்கிற வசதிக்குள் சிறந்த முடிவைக் கணக்கிடும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதற்காக 1947ல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்சிக் கொடுத்த சிம்ப்ளெக்ஸ் முறையை அட்டவணை போட்டுச் செய்யப் பழகினால் மார்க் வரும்.

மனதுக்கு நெருக்கமானது கடைசி வருட ப்ராஜெக்ட். கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927ல் எழுதிய தொற்றுநோய்க் கட்டுரையை எடுத்துக்கொண்டோம். மெக்கென்ட்ரிக் இந்தியாவில் வேலை பார்த்த மருத்துவர், கெர்மாக் 1924ல் ஆய்வக விபத்தில் பார்வை இழந்தவர். பார்வை போன பிறகு இந்த மாதிரி ஒரு கணக்கைக் கட்டியிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. நோய் வரக்கூடியவர்கள், நோயாளிகள், நோயிலிருந்து விலகியவர்கள் என்று மக்களை மூன்றாகப் பிரித்துச் சமன்பாடு எழுதுகிறார்கள். அதை நேரடியாகத் தீர்க்க முடியாது, அதனால் அதில் வரும் அடுக்குக்குறிச் சார்பை வர்க்க உறுப்பு வரை மட்டும் விரித்து ஒரு மணி வடிவ வளைவு எடுத்து, 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கில் இறந்தவர்களின் வாராந்திரக் கணக்கோடு பொருத்துகிறார்கள். படத்தில் அழகாகப் பொருந்தும். ஆனால் பிளேக் எலியிலிருந்து வருவது, ஆளுக்கு ஆள் நேராகப் பரவுவதாக வைத்துக்கொண்டது ஒரு எளிமைப்படுத்தல்தான், அதைக் கட்டுரையிலேயே அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். வளைவு பொருந்துவதாலேயே அந்தக் கணித மாதிரி உண்மையாகிவிடாது என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

பைத்தானில் ஆய்லர் முறையைவிடத் துல்லியமான நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையைப் போட்டு முழுச் சமன்பாட்டையும் தீர்த்துப் பார்த்தோம். தோராய வளைவு ஏறுவதும் இறங்குவதும் ஒரே மாதிரி, முழு விடையிலோ இறக்கம் ஏற்றத்தைவிட மெதுவாக இருக்கும். தொற்று தீவிரமாகப் பரவும்படி எண்களை வைத்தால் இரண்டும் நன்றாகவே விலகிப் போகும்.

சேரப் போகிறவர்கள் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் லேப் நிஜமாகவே நடக்கிறதா என்று சீனியர்களிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் பைத்தானைச் சொந்தமாகத்தான் கற்றுக்கொண்டோம், அது நியாயமே இல்லை. அப்புறம், எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போகிற எண்ணம் இருந்தால் ஜாம் தேர்வு எழுத வேண்டும், ரியல் அனாலிசிஸையும் லீனியர் அல்ஜீப்ராவையும் ஒதுக்கிவிட்டு அதில் தேறுவது கஷ்டம், அதனால் இரண்டாம் வருடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.